ஹால்டேன் வீட்டு இருபது போர்

இரண்டு விரல்கள் குழலைக் கவ்விப் பிடித்தபடி அடியிலிருந்து வாய்ப்பக்கம் மெல்ல நகர்ந்தன. குழலில் எண்ணெய்ப் பசை துளியும் இல்லை. பசை இருந்தால் விரல் ஏமாந்துபோகும் என்று முதலிலேயே ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தாயிற்று. நகக்கண்ணில் கறுப்பு ஏறிய, முட்டி பருத்த விரல்கள். வாய்க்கு மூன்று விரற்கடை முன்னால் நின்றன. பின்வாங்கின. மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றன.

"என்ன, தடவிக்கிட்டே இருக்க? அது துப்பாக்கியா, பூனையா?" என்றான் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவன்.

கைகள் இரட்டைக்குழலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தன. ஒரு கண் மூடியது. வலது குழல், பிறகு இடது. உள்ளே வழுவழுவென்று ஓடிவந்த வெளிச்சம் இரண்டிலும் ஒரே இடத்தில் கலங்கி, கறுப்பு மோதிரம் போட்டதுபோல் ஒரு நிழல் வட்டம் விழுந்தது.

"இதுல இரும்பு ரவை போட்டுச் சுட்டியா, டூகல்?"

"கொட்டகைக்குப் பின்னால களிமண் தட்டு எறிஞ்சு கொஞ்சம் சுட்டுப் பார்த்தேன். அதுக்கென்ன?"

"ரவை எத்தனாம் நம்பர்?"

"ரெண்டு, பெரிய ரவை. ஈயத்துல நாலு போட்டவன் இரும்புல ரெண்டு போடணும்னு இதே கவுண்டர்ல நின்னு ஊருக்கெல்லாம் ஓதறது நீதானே, இஷ்பெல்?"

"ஓதறேன். அதுக்கு முன்னாடி குழல் வாய்ச் சுருக்கைத் திறக்கணும்னும் ஓதறேன். அந்தப் பாதி மட்டும் உன் காதுல ஏறாது."

இஷ்பெல் ராங்கின் குழலைக் கம்பளித் துணிமேல் வைத்தாள். வின்டம் ஊரில் கால்நடைத் தீவனம் விற்கும் கடையின் பின்பாதி அவளுடைய துப்பாக்கிக் கடையும் பட்டறையும். ஏப்ரல் கடைசியில் அங்கே கால் வைக்க இடமிருக்காது. அங்கே குளிர் தொடங்கும் மே மாத முதல் சனிக்கிழமை வாத்து வேட்டை சீசன் திறக்கும். அதற்கு முந்தின வாரம்தான் தீவின் தென்கோடி முழுக்கத் துப்பாக்கியைப் பற்றி நினைவு வரும். மார்பளவு ரப்பர் பூட்ஸ் ஓட்டை என்று ஒருவன் வருவான். வாத்தை அழைக்கும் ஊதலின் நாக்கு செத்துவிட்டது, வாத்துச் சத்தத்துக்குப் பதில் ஆட்டுச் சத்தம் வருகிறது என்று இன்னொருவன் வருவான்.

துப்பாக்கி வாங்க வருகிறவனுக்கு அவள் முதலில் துப்பாக்கியைக் காட்டுவதில்லை. எங்கே நிற்பாய் என்று கேட்பாள். ஓடை வளைவிலா, பண்ணைக் குட்டையிலா, காயலிலா? பறவை எந்தப் பக்கமிருந்து வரும்? பொம்மை வாத்துகளை எவ்வளவு தூரத்தில் மிதக்க விடுகிறாய்? இதற்கெல்லாம் பதில் தெரியாதவனிடம், போய் அங்கே ஒரு சாயங்காலம் வெறுங்கையோடு உட்கார்ந்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவாள். இதனால் பாதிப் பேர் இன்வர்கார்கில் போய்ப் பளபளப்பான எதையாவது வாங்குவார்கள். அடுத்த வருஷம் அதைத் தூக்கிக்கொண்டு இங்கேயே வருவார்கள். அதற்காக அவள் அவர்களிடம் இனிமையாகப் பேசியதாக யாரும் சொன்னதில்லை.

தொழிலை யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. பால் கறக்கும் இயந்திரங்களின் பம்பு பழுது பார்த்தவள். கணவன் நெவிலுடைய துப்பாக்கியின் சுத்தியல் வில் முறிந்த வருஷம், புது வில்லுக்குக் கப்பலைப் பார்த்துக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், பழைய ரம்பத் தகட்டை அராவி, சூடுகாட்டி, தானே ஒன்று செய்தாள். அது முறிந்தது. அடுத்ததும் முறிந்தது. முறியாத ஒன்று வந்தபோது எதனால் முறியவில்லை என்று புரியும்வரை மேலும் சில செய்து வேண்டுமென்றே முறித்தாள். ஊரில் முன்பு இந்த வேலை செய்த கிழவர் இறந்ததும் அவருடைய பட்டறைப் பிடியையும் அரங்களையும் ஏலத்தில் எடுத்தாள். கிழவர் சரியாகச் செய்ததையும் தப்பாகச் செய்ததையும் ஊரார் கொண்டுவந்த துப்பாக்கிகளைப் பிரித்தே படித்தாள். ஒன்றைப் பிரித்தால் அது எப்படி இருந்ததோ அப்படியே மனசில் பதியும் வரைக்கும் அடுத்த திருகைத் தொடமாட்டாள்.

டூகல் ஹால்டேன் கொண்டுவந்தது அவன் அப்பா ஆலிக்கின் இருபது போர், சின்னக் குழல் வகை. மெல்லிசான, கைக்கு அடக்கமான இங்கிலீஷ் துப்பாக்கி. பன்னிரண்டு போர் என்ற பெரிய குழல்களுக்கு நீர்நிலைகளில் ஈய ரவைத் தடை வந்து வெகுகாலம் ஆகிறது; சின்னக் குழல்களைச் சமீபம் வரை விட்டுவைத்திருந்தார்கள். அதனால் ஆலிக் சாகும்வரை அதில் ஈயமே போட்டார். உயரப் பறப்பதை அடிப்பதில் அவருக்கு ஆசை. இரண்டு குழலும் வாயில் நன்றாகக் குறுகியவை. ஈயம் மிருது. குறுகலில் நெருக்கிப் பிதுங்கி வெளியே போய்விடும். இரும்பு விட்டுக்கொடுக்காது. அப்போது குழல்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

"வீங்கிடுச்சு. ரெண்டுமே," என்றாள் இஷ்பெல்.

"என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல."

"உன் கண்ணுக்குத் தெரிஞ்சா எனக்கு ஏன் கடை?"

"சரி, சுருக்கைத் திறந்து குடு. பிரையர் இந்தத் தடவை தாத்தா துப்பாக்கியோடதான் நிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா."

அவள் குழலின் சுவர் தடிப்பை அளக்கும் மானியை எடுத்தாள். ஒரு சுற்று அளந்தாள். திருப்பிப் போட்டு மறுபடி அளந்தாள். டூகல் பெருமூச்சு விட்டான். அவள் மூன்றாவது முறையும் அளந்தாள், அது அவனுக்காக.

"திறக்க முடியாது. இங்க சுவரே இல்ல, தகரம்தான் இருக்கு. உள்ளே கடைஞ்சா இன்னும் மெலியும். வீங்கின இடத்தோட சேர்த்து முன்பக்கத்தை வெட்டி எடுக்கணும். அதுக்கப்புறமும் இதுல இரும்பு ஆகாது. பிஸ்மத் ரவை போடணும், அது ஈயம் மாதிரி மிருது."

டூகலின் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டு வந்தது.

"வெட்டணுமா? எங்கப்பா துப்பாக்கியையா?"

"ஆமா."

"எனக்குப் புரியுது. நெவில் இடத்தை நான் எடுத்தேன் இல்ல? அதுக்கு இது."

இதை அவன் சொல்லாமலிருந்தால்தான் ஆச்சரியம். காயலின் கிழக்குக் கரையில், நாணல் முடிந்து திறந்த தண்ணீர் தொடங்கும் இடத்தில், நெவில் கட்டிய மாய்மாய் இருக்கிறது. வேட்டைக்காரர்கள் பதுங்கி நிற்கும் பலகைக் குடில். இடம் குறிக்கும் நாளன்று பத்து மணிக்குள் போன வருஷத்து ஆள் தானே வந்து தன் பெயர்ச் சீட்டை அதில் ஆணியடித்தால் இடம் அவனுக்கு. பத்து தாண்டினால் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஐந்து வருஷத்துக்கு முன் அந்தக் காலையில் நெவில் பக்கவாதத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு இன்வர்கார்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பக்கத்துக் குடில்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அவன் சீட்டு இல்லாத பலகையைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் போனார்கள். டூகல் மட்டும் சுத்தியலோடு நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் இஷ்பெலால் பொறுக்க முடியாதது.

நெவில் இப்போது ஊன்றுகோலோடு நடமாடுகிறான். அந்தச் சேற்றில் நின்று குளிர் தின்றது போதும் என்று சீஸ் ரோலைத் தேநீரில் தோய்த்துத் தின்றபடி சொல்வான். அவன் மன்னித்தது அவளுக்கு இரண்டாவது எரிச்சல்.

"அந்த இடத்துல இருந்துக்கிட்டு நீ சுடறது வானத்தை," என்றாள் இஷ்பெல். "அஞ்சு வருஷத்துல வானத்துக்கு ஒண்ணும் ஆகல. அதைப் பத்தி எனக்கென்ன? வீங்கின குழல் வீங்கின குழல்தான்."

"டவுன்ல வேற ஆளே இல்லையா? குடு இப்படி."

துப்பாக்கியை உறையில் திணித்துக்கொண்டு போனான். ஜிப்பை இழுத்த வேகத்தில் அது பாதியில் மாட்டிக்கொண்டது. அப்படியே கொண்டுபோனான்.

இரண்டு நாள் கழித்து டூகலின் மகள் பிரையர் வந்தாள். இருபத்திரண்டு வயது, கம்பளி கத்தரிக்கும் கூடத்தில் கம்பளி தரம் பிரிப்பவள். மெல்லிய உடம்பு, கயிறு மாதிரி முன்கை. தோளில் அதே உறை, அதே பாதி ஜிப்.

"இன்வர்கார்கில்ல ஜூன் வரைக்கும் கையில வேலை இருக்குன்னு சொல்லிட்டாங்க, மிஸஸ் ராங்கின்."

"உங்கப்பா வரலையா?"

"வரமாட்டாரு. நீங்க பழி வாங்கறீங்கன்னு சொல்றாரு." பிரையர் உறையைக் கவுண்டர்மேல் வைத்து, கையை எடுக்காமல் நின்றாள். "நேராவே கேட்டுடறேன். வாங்கறீங்களா?"

இஷ்பெலுக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. அதை முகத்தில் காட்டவில்லை.

"உங்கப்பன் மேல எனக்கு இருக்கிற கோபத்துல இந்தக் கடையையே கொளுத்தலாம். வெட்டும்போது எனக்குச் சந்தோஷமாவும் இருக்கும், அதையும் சொல்லிடறேன். ஆனா வெட்டித்தான் ஆகணும். கண்ணை மூடு."

"எதுக்கு?"

"மூடுன்னா மூடு."

பெண்ணின் விரலைப் பிடித்துக் குழலின் அடியில் வைத்தாள். "நீயே போ. அழுத்தாதே. கம்பளியில முடிச்சு தேடற மாதிரி."

விரல் போயிற்று. போய், நின்றது. பிரையர் கண்ணைத் திறக்காமலே பின்னால் வந்து மறுபடி போனாள். அதே இடத்தில் நின்றாள்.

"மேடு இருக்கு."

"உள்ளே பள்ளம். இப்ப ஜன்னலுக்கு நேரா பிடிச்சுப் பாரு."

நிழல் வட்டத்தை அவள் வெகுநேரம் பார்த்தாள். இரண்டு குழலிலும் பார்த்தாள்.

"இப்படியே சுட்டா?"

"ஒரு சீசன் தாங்கலாம். முதல் தோட்டாவுலயே வாய் கிழியலாம். ரெண்டு குழலுக்கும் நடுவுல ஓடற பட்டை பிஞ்சு பறக்கும். உனக்கு ஒண்ணும் ஆகாம போகலாம். மாய்மாய்க்குள்ள உன் பக்கத்துல நிக்கிறவன் முகத்துக்கு என்னால உத்தரவாதம் தர முடியாது." கொஞ்சம் நிறுத்தினாள். "பக்கத்துல நிக்கப்போறது யாருன்னு நினைச்சா, நான் சும்மா இருந்துடலாம்னுகூடத் தோணிச்சு."

பிரையர் சிரிக்கவில்லை. "வெட்டிட்டா தூரம் அடிக்காதே?"

"நீ எங்க நிக்கறே?"

"கிழக்குக் கரையில. உங்க... எங்கப்பாவோட மாய்மாயில."

"அந்த இடம் எனக்குத் தெரியும்," என்றாள் இஷ்பெல் பல்லைக் கடித்து. "பொம்மைகளை நாணலுக்கு ஒட்டி விட்டா வாத்து காலை நீட்டிக்கிட்டு இறங்க வரும். இருபது, இருபத்தஞ்சு தப்படி. அந்தத் தூரத்துக்குச் சுருக்கே தேவையில்ல. விரிஞ்ச வாய்தான் சரி. உயரப் போறதை விட்டுடு. அதை உங்கப்பன் பயமுறுத்திக்கிட்டு இருப்பான்."

"துப்பாக்கியைத் தாத்தா எனக்குத்தான் குடுத்தாரு. என் பேர்லதான் பதிஞ்சிருக்கு," என்றாள் பிரையர். உறையிலிருந்து கையை எடுத்தாள். "வெட்டுங்க."

மறுநாள் மத்தியானம் குழல்களை ஈயத் தாடை வைத்த பிடியில் பூட்டி, வெட்டவேண்டிய கோட்டைச் சுற்றிக் காகிதம் ஒட்டினாள். காகிதத்தின் இரு முனையும் சரியாகச் சந்தித்தால் கோடு நேர். சந்திக்கவில்லை. பிய்த்து மறுபடி ஒட்டினாள். பிரையர் பெட்டிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரம்பம் மேல்பட்டையைக் கடந்து வலது குழலில் பாதி இறங்கியிருந்தபோது கதவு அறைந்து திறந்தது.

"நிறுத்து!" டூகல் வந்த வேகத்தில் பிடிமேல் கையை வைத்தான். ரம்பத்துக்கும் அவன் சுண்டுவிரலுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி இடைவெளி.

இஷ்பெல் ரம்பத்தை எடுக்கவில்லை. "கையை எடு. எனக்கு உன்னைப் பிடிக்காதுன்னு உனக்குத் தெரியும். இந்த ரம்பத்துக்கு அதுகூடத் தெரியாது."

"எங்கப்பா அம்பது வருஷம் வெச்சிருந்த துப்பாக்கி!"

"அம்பது வருஷம் அவர் வெச்சிருந்தாரு. ஒரு சாயங்காலம் நீ வெச்சிருந்த."

"அப்பா," என்றாள் பிரையர் பெட்டியிலிருந்து எழாமலே. "கையை எடுங்க. பாதி வெட்டியாச்சு. பாதியோட எடுத்துட்டுப் போய் என்ன பண்ணப்போறீங்க?"

அவன் கையை எடுத்தான். ஆனால் போகவில்லை. சுவரோரமாக, தொங்கிக்கொண்டிருந்த பொம்மை வாத்துகளுக்கு நடுவே நின்றுகொண்டான். ரம்பம் மறுபடி ஓடியது. சொன்னதுபோல இஷ்பெலுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தள்ளும் ஒவ்வொரு தடவையும் ஆணியடிக்கும் அந்தச் சுத்தியல் நினைவுக்கு வந்தது. ஆனாலும் கை வேகம் கூட்டவில்லை. வேகம் கூட்டினால் பல் வழுக்கிக் குழலின் பக்கத்தைக் கீறும்.

துண்டு விழுந்தது. அதைத் துடைத்து, கண்ணாடி வில்லையால் உள்ளே பார்த்தாள். பிறகு எழுந்து போய் டூகலின் கையில் திணித்தாள். "இடது குழல். வட்டத்தோட ஓரத்துல பாரு."

மயிரிழை அகலத்தில் ஒரு வெடிப்பு, அரை விரல்நுனி நீளத்துக்கு ஓடியிருந்தது. அவன் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"இப்ப நீ வெட்டினதுல விழுந்திருக்கும்," என்றான்.

"இருக்கும். அன்னிக்கு நீ பேசினதுலகூட விழுந்திருக்கும்."

அவன் துண்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான். வண்டி கிளம்பும் சத்தம் மட்டும் வரவில்லை.

வெட்டிய பிறகுதான் உண்மையான வேலை. குறுகிய வாய் போய்விட்டதால் இரண்டு குழலுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. அதை அப்படியே விட்டால் தண்ணீர் இறங்கிப் பட்டைக்கு அடியில் துரு பிடிக்கும். இரும்பில் ஒரு சின்ன ஆப்பை அராவி, மை தடவிப் பொருத்தி, மை ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டி, மறுபடி பொருத்தி, எங்கும் சமமாக ஒட்டும் வரை பார்த்துவிட்டுப் பற்றவைத்தாள். வாயை மட்டம் செய்தாள். குறி பார்க்கும் மணியைப் பின்னால் தள்ளிப் பதித்தாள். பிறகு பிரையரைக் கூப்பிட்டு, வேட்டைக்குப் போடும் தடிக் கோட்டை மாட்டச் சொல்லி, தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். சட்டையோடு அளந்து, தோளில் பதியும் மரக்கட்டையைச் சரிசெய்கிறவர்கள் உண்டு. மே மாதக் குளிரில் யார் வெறும் சட்டையோடு நிற்கப்போகிறார்கள்? கட்டையின் பின்பட்டை கோட்டின் அக்குளில் மாட்டியது. பின்பட்டையைக் கழற்றிக் கொஞ்சம் குறைத்தாள்.

வியாழக்கிழமை ஊருக்கு வெளியே சரளைக்கல் பள்ளத்தில் பெரிய தாள்களை நட்டு, பிரையரை இருபத்தைந்து தப்படியில் நிறுத்தினாள். முதலில் மலிவாக இருந்த ஒரு பிஸ்மத் தோட்டா. தாளில் ரவைகள் திட்டுத்திட்டாக விழுந்து, நடுவே ஒரு வாத்து நிம்மதியாக உட்காரும் அளவுக்கு ஓட்டை விட்டன. "இது வேண்டாம்." இரண்டாவது பெட்டி, ஐந்தாம் நம்பர். வட்டம் நிறைந்தது. வலதும் இடதும் ஒரே இடத்தில் அடித்தன. அதில்தான் அவளுக்குப் பயம் இருந்தது; குழலைக் குறைத்தால் இரண்டும் ஆளுக்கொரு திசை பார்க்கக்கூடும். தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"நாளன்னிக்குக் காலையில நீங்களும் வாங்களேன்," என்றாள் பிரையர் திடீரென்று. "மாய்மாயில இடம் இருக்கு."

"உங்கப்பன் பக்கத்துல நிக்கவா? அங்க வாத்துக்குத்தான் பாதுகாப்பு ஜாஸ்தி." இஷ்பெல் காலித் தோட்டாக்களைப் பொறுக்கிப் பையில் போட்டாள். "இரக்கப்பட்டுக் கூப்பிடறதெல்லாம் வேண்டாம். அந்தக் கதவை நான் சீட்டோட வந்துதான் திறப்பேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடை நெரிந்தது. எல்லாருக்கும் எல்லாமும் அப்போதே வேண்டும். பிரையர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், பின்னால் டூகல். அவனைப் பார்த்ததும் ஊதல் வாங்க வந்த இருவர் ஊதிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இஷ்பெல் துப்பாக்கியை எடுத்துக் கவுண்டர்மேல் வைத்தாள். குழல்களை மடக்கி அடிப்பக்கத்தைக் காட்டினாள். மூடினால் மறைந்துவிடும் இடத்தில், சின்ன எழுத்துகளில், இரும்பு ரவை கூடாது என்று உளியால் அடித்திருந்தது.

"எங்கப்பா துப்பாக்கில உன் எழுத்தா?" என்றான் டூகல்.

"உனக்கு அடுத்து எவனாவது இதைக் கொட்டகைக்குப் பின்னால எடுத்துட்டுப் போவான். அவனுக்கு."

"இந்தப் பிஸ்மத் ஒரு பெட்டி விலைக்கு ஒரு ஆட்டுக்குட்டி வாங்கலாம்."

"வாங்கு. எறிஞ்சு வாத்தை அடி."

பின்னால் யாரோ சிரித்து, இருமலாக மாற்றினார்கள். டூகல் திரும்பிப் பார்த்துவிட்டுக் கவுண்டர்மேல் குனிந்தான். குரல் தாழ்ந்தது.

"அந்தத் துண்டை இன்வர்கார்கில்காரன்கிட்ட காட்டினேன்."

"என்ன சொன்னான்?"

அவன் கோட்டுப் பையைத் தடவினான். "சொன்னான்," என்றான் கடைசியில்.  தன் தப்பை ஒப்புக்கொண்டு அதற்கு மேல் அவனிடமிருந்து ஒரு சொல்லும் வராது என்று அவளுக்குத் தெரியும்.

"நல்லது. இதனால எதுவும் தீர்ந்துபோச்சுன்னு நினைக்காதே. வர்ற வருஷம் இடம் குறிக்கிற அன்னிக்கு நான் அங்கதான் நிப்பேன். உனக்கு ஒரு சளி பிடிக்கட்டும், வண்டி டயர் ஒண்ணு இறங்கட்டும். பத்து அடிச்ச அடுத்த நிமிஷம் என் சீட்டு இருக்கும்."

"நான் எட்டுக்கே வந்துடுவேன்."

"வா. நான் ஏழுக்கு வந்து நீ வர்றியான்னு பார்த்துக்கிட்டு நிக்கறேன்."

அவன் துப்பாக்கியை வாங்கக் கையை நீட்டினான். பழக்கத்தில் நீட்டிய கை. இஷ்பெல் அந்தக் கையைப் பார்த்தாள். துப்பாக்கியைத் தூக்கி, மடக்கிய குழல்களைத் திருப்பி, இரண்டு அறையும் காலி என்று காட்டினாள். பிறகு அவன் கைக்கு மேலாகக் கவுண்டரைத் தாண்டி நீட்டினாள்.

"கோட்டுக்குத்தான் கட்டையைக் குறைச்சேன். பித்தானைப் போட்டுக்கிட்டு வாங்கு," என்றாள் பிரையரிடம்.

பிரையர் பித்தானைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.